துபாயில் தெரியும் நெல்லை வாசல்

2019 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை இரவு. கடையத்தை அடுத்த கல்யாணிபுரத்தில், தோட்டத்து வீட்டின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் சண்முகவேல். அவருக்குப் பின்னால் முகத்தை மூடிய ஒருவன் அடிமேல் அடிவைத்து வந்து, கழுத்தில் துணியைப் போட்டு இறுக்கினான். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி செந்தாமரை, காலடியில் கிடந்த செருப்பை எடுத்து வீசினார். இன்னொருவனும் சேர்ந்துகொண்டான். வந்தவர்களிடம் அரிவாள் இருந்தது. முதியவர்கள் இருவரும் நாற்காலி, ஸ்டூல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தூக்கி அடித்தார்கள். கடைசியில் ஓடியவர்கள் கொள்ளையர்கள்தான்.

வீட்டின் முகப்பிலிருந்த கண்காணிப்புக் கேமரா இதையெல்லாம் பதிவு செய்தது. சில நாளில் அந்தக் காட்சியை நாடே பார்த்தது. அமிதாப் பச்சன் பகிர்ந்து பாராட்டினார். ஆகஸ்ட் 15 அன்று தமிழக முதல்வர் அந்தத் தம்பதிக்குத் துணிச்சலுக்கான சிறப்பு விருதும் 2 லட்சம் ரூபாயும் வழங்கினார். அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கடையம், அதே ஆண்டு நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டது. அந்தக் காட்சியை நெல்லைச் சீமையில் இன்றும் யாரும் மறக்கவில்லை.

எல்லோரும் வீரத்தைப் பேசினார்கள்; பேச வேண்டியதுதான். கேமராவின் பக்கமிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அந்த இரவில் அது கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததே தவிர, அதனால் உதவிக்கு ஒருவரும் வரவில்லை. செந்தாமரையின் கழுத்திலிருந்த சங்கிலி பறிபோனது, கையில் காயம். நாடு பார்த்ததெல்லாம் நடந்து முடிந்த பிறகு. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீடுகளில் பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ. அவர்கள் கேமரா வாங்குவது நடந்ததைப் பிறகு போட்டுப் பார்க்க அல்ல, நடக்கும்போதே தெரிந்துகொள்ள. அது கைகூடுமா என்பது கேமராவின் விலையைப் பொறுத்ததல்ல. லென்ஸிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசி வரை போகும் ஒரு சங்கிலியில் எந்தக் கண்ணி எங்கே விட்டுப்போகும் என்று தெரிந்துவைத்திருப்பதைப் பொறுத்தது.

வீட்டுக் கேமராவை முதலில் யோசித்தவரின் கவலையும் இதுவேதான். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன். கணவர் மின்னணுத் தொழில்நுட்பர். இருவருக்கும் வேலை நேரம் ஒத்துவராது. மேரி தனியாக வீட்டில் இருக்கும் இரவுகள் உண்டு. அழைத்தால் போலீஸ் வந்துசேர நேரமாகும் என்ற நிலை. இருவரும் சேர்ந்து 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பரில் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள், அவற்றின் பின்னால் மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் ஒரு திரை, வாசலில் நிற்பவரோடு பேச ஒலிவாங்கி, இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான், ஆபத்து என்று அறிவிக்க இன்னொரு பொத்தான். அந்தக் கடைசிப் பொத்தான்தான் மேரியின் அசல் சிந்தனை என்று சொல்ல வேண்டும். பார்த்ததும் யாரையாவது வரவழைக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். பிறகு வந்த சந்தையோ பார்ப்பதையும் பதிவதையும் வளர்த்துக்கொண்டே போய், வரவழைப்பதைப் பாதியில் விட்டுவிட்டது.

முதல் கண்ணி, எங்கே மாட்டுவது என்பது. நெல்லைப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் கேமரா தார்சாவுக்கு மேலே, கூரையை ஒட்டி, தெருவையே பார்க்கும்படி மாட்டப்படுகிறது. திரையில் பார்த்தால் தெரு முழுவதும் அழகாகத் தெரியும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. ஆனால் கணக்குப் போட்டால் வேறு கதை. கடைகளில் அதிகம் விற்கும் 2 மெகாபிக்சல் கேமராவின் படத்தில் குறுக்கே 1,920 புள்ளிகள். அறிமுகமில்லாத ஒருவரின் முகத்தை ஐயமின்றி அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது வேண்டும் என்கிறது இத்துறையின் சர்வதேசத் தரநிலை. 1,920-ஐ 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டர் சொச்சம். படத்தில் விழும் காட்சி அந்த அகலத்துக்குள் இருந்தால்தான் முகம் முகமாக இருக்கும். வழக்கமான 2.8 மி.மீ. அகலக்கோண லென்ஸில், கேமராவிலிருந்து மூன்று மீட்டரிலேயே காட்சி அந்த அகலத்தைத் தொட்டுவிடுகிறது. அதைத் தாண்டி நிற்பவர் ‘யாரோ ஒரு ஆள்’. 6 மி.மீ. லென்ஸ் என்றால் கோணம் சுருங்கும். அதே தெளிவு எட்டு மீட்டர் வரை கிடைக்கும். எனவே அகலப் பார்வைக்கு ஒன்று, கேட்டில் நுழைபவரின் முகத்துக்கு என்றே குறுகிய பார்வையில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே மட்டும் இன்னொன்று. உச்சியில் மாட்டிய கேமராவுக்குத் தொப்பியும் தலைமுடியும்தான் கிடைக்கும்.

இருட்டு வந்ததும் கேமராவுக்குள் ‘டிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். உணரிக்கு முன்னால் இருக்கும் அகச்சிவப்பு வடிகட்டி விலகும் சத்தம் அது. பகலில் அந்த வடிகட்டி இல்லாவிட்டால் பச்சை இலைகள் நிறம் மாறித் தெரியும். இரவில் அது இருந்தால் ஒன்றுமே தெரியாது. வடிகட்டி விலகியதும் கேமராவைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் 850 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியைப் பாய்ச்சுகின்றன. நம் கண்ணுக்கு அது மங்கலான செம்புள்ளி மட்டுமே, கேமராவுக்கோ டார்ச் வெளிச்சம். அந்த ஒளியில் நிறம் பிரிக்க வழியில்லை என்பதால் இரவுப் படம் கறுப்பு வெள்ளையாகிறது. இந்த வெளிச்சத்துக்குப் பெரிய எதிரி சிலந்தி. லென்ஸுக்கு முன்னால் ஒரு இழை கட்டிவிட்டால் போதும், பக்கத்திலிருந்து ஒளி பட்டு அது வெள்ளைக் கயிறுபோல் திரையை அடைத்துக்கொள்ளும். பின்னால் யார் நடந்தாலும் தெரியாது. பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரும் அழிக்கம்பியும் ஒளியைத் திருப்பியடித்து இதே வேலையைச் செய்யும். மாதம் ஒருமுறை ஒட்டடைக் கம்பால் துடைப்பது, விலை கூடிய கேமரா வாங்குவதைவிடப் பலன் தரும்.

அடுத்தது சேமிப்பு. சுருக்காமல் வைத்தால் ஒரே ஒரு கேமராவின் காட்சி விநாடிக்கு 120 கோடி பிட்டுகளுக்கு மேல் போகும். ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும் எச்.264, எச்.265 முறைகள் அதைச் சுமார் 20 முதல் 40 லட்சம் பிட்டுகளுக்குக் கொண்டுவருகின்றன. 20 லட்சம் என்று வைத்தாலும் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21 ஜிபி சொச்சம். நான்கு கேமரா, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் என்றால் பதினொன்றரை நாள். பிறகு பழையதன் மேல் புதியது எழுதப்படும். கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் வெளியூர் போய்த் திரும்பி, போன முதல் வாரத்தில் என்ன நடந்தது என்று தேடினால் ஒன்றும் இருக்காது.

பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற இந்தச் சிறிய அமைப்பு எத்தனை கனமானது என்பதைத் தாமிரபரணிக்குத் தெற்கே சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூன் 19 மாலை, கைப்பேசிக் கடை வைத்திருந்த மகனும் அவருடைய தந்தையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காவலில் தாக்கப்பட்ட இருவரும் சில நாளில் இறந்தார்கள். கடை வாசலில் அவர்கள் தரையில் புரண்டு தகராறு செய்ததாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. கடைவீதிக் கேமராவின் பதிவில் அப்படி எதுவும் இல்லை. காவல் நிலையத்துக்குள் என்ன நடந்தது என்று பார்க்கப்போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில் குறிப்பிட்டது இது: ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தது, ஆனால் பதிவுகள் தினமும் தானே அழியும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. ஒரு கேமரா சொன்னது, இன்னொன்று வாய் திறக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று, பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் இரவுப் பார்வையும் உள்ள கேமராக்கள் வேண்டும், பதிவுகள் 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வீட்டுக்கு அத்தனை தேவையில்லை. ஆனால் தன் வீட்டுப் பதிவுப் பெட்டி எத்தனை நாள் நினைவு வைத்திருக்கும் என்பது மாட்டிக்கொடுத்தவருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருக்கக் கூடாது.

இனி, துபாயில் இருக்கும் மகனின் கைப்பேசிக்குப் படம் எப்படிப் போகிறது? பாளையங்கோட்டை வீட்டில் உள்ள கேமராவுக்கு 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரி இருக்கும். அது வீட்டுக்குள் மட்டும் செல்லும்; அதே எண் உலகமெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் உண்டு. வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் முகவரி. முன்பெல்லாம் ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்துவைத்து, அந்த எண்ணுக்கு வருவதைக் கேமராவுக்கு அனுப்பு என்று சொல்லிவைப்பார்கள். இப்போது அதுவும் பல இடங்களில் நடக்காது. இணைய முகவரிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபின் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. வெளியிலிருந்து தட்டினால் எந்த வீட்டுக் கதவைத் திறப்பது என்று யாருக்கும் தெரியாது.

அதனால் வழி தலைகீழானது. மின்சாரம் வந்ததும் கேமராவே வெளியே போய், தயாரித்த நிறுவனத்தின் சர்வரில் தன் வரிசை எண்ணைச் சொல்லிப் பதிந்துகொள்கிறது. கேமராவில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டில் இருப்பது அந்த வரிசை எண்தான். துபாயில் மகன் செயலியைத் திறந்ததும் அவர் கைப்பேசியும் அதே சர்வருக்குப் போகிறது. சர்வர் இங்கே கல்யாணத் தரகர் வேலை செய்கிறது: இவர் விலாசத்தை அவரிடமும் அவர் விலாசத்தை இவரிடமும் கொடுக்கிறது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று நோக்கித் தரவுப் பொட்டலங்களை அனுப்ப, ரவுட்டர்கள் அதை உள்ளிருந்து தொடங்கிய உரையாடல் என்று எடுத்துக்கொண்டு பதிலை உள்ளே விடுகின்றன. அதன்பின் தரகருக்கு வேலையில்லை; படம் நேராகப் போகிறது. ரவுட்டர் கறாரானதாக இருந்து நேர்வழி அமையாவிட்டால், எல்லாப் படமும் அந்தச் சர்வர் வழியாகவே போய்வரும். அந்தச் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பது அப்போது பொருட்படுத்த வேண்டிய கேள்வியாகிவிடுகிறது.

திருநெல்வேலிக்கும் துபாய்க்கும் நேர்கோட்டில் சுமார் 3,000 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கி.மீ. ஓடும். கடலடிக் கேபிள் சுற்றிவளைத்துப் போனாலும் பயணத்துக்கு விநாடியில் நூறில் சில பங்குதான். ஆனாலும் திரையில் ஒன்று, இரண்டு விநாடி தாமதம் தெரிகிறதே என்றால், அது படத்தைச் சுருக்கவும் விரிக்கவும், தடங்கலைச் சமாளிக்கக் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொள்ளவும் ஆகும் நேரம். கைப்பேசியில் தெரிவதும் பெரும்பாலும் முழுத் தரப் படம் அல்ல. தொலைப்பார்வைக்கென்று கேமரா கூடவே அனுப்பும் மெலிந்த இரண்டாம் படம். அதைப் பார்த்துக் கேமரா மங்கல் என்று முடிவு செய்ய வேண்டாம். தோட்டத்து வீட்டில் சிம் போட்ட கேமரா வைப்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும்: தினம் 2 ஜிபி தரும் திட்டத்தில் முழுத் தரப் படம் இரண்டே கால் மணி நேரம்கூட ஓடாது.

இந்தச் சங்கிலி முழுவதும் ஒரே நாளில் அறுந்ததையும் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு கண்டிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. தாமிரபரணி கரையை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். மின்சாரம் போனது, கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்கு அம்மா அப்பாவின் குரலே கேட்கவில்லை; கேமரா எம்மாத்திரம்? அத்தகைய வெள்ளத்துக்கு வீட்டளவில் தீர்வு கிடையாது. சாதாரண மின்தடைக்கு உண்டு. நான்கு கேமரா, பதிவுப் பெட்டி, ரவுட்டர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 50 வாட்தான் இழுக்கும். ஒரு மின்விசிறி அளவு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலே பல மணி நேரம் தாங்கும். ஆனால் பதிவுப் பெட்டி இன்வெர்ட்டர் லைனிலும், ரவுட்டர் அது இல்லாத பிளக்கிலும் இருக்கும் வீடுகள் உண்டு. அங்கே கரண்ட் போனால் கேமரா பார்க்கும், பதியும். மகனுக்கு மட்டும் தெரியாது.

தூரத்திலிருந்து நாம் பார்க்க முடிகிறது என்றால் பிறரும் பார்க்கக்கூடும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் தேடிப்பிடித்தது. அதனிடம் இருந்த சாவிக்கொத்து அறுபது சொச்சம் பெயர், கடவுச்சொல் இணைகள் மட்டுமே. அவ்வளவை வைத்துக்கொண்டே ஒரு படையைத் திரட்ட முடிந்தது. அக்டோபர் 21 அன்று அந்தப் படை ஒரு இணைய முகவரிச் சேவையைத் தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் திணறின. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் வெளிவந்தது அதைவிடக் கொடியது. ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் கேமராக் காட்சிகள் இணையத்தில் விலைக்கு விற்கப்பட்டன. வைத்தியத்துக்கு வந்த பெண்களுக்கு இழைக்கப்பட்ட இந்த அநியாயத்தின் நடுவே இருந்தவை இரண்டு தவறுகள்: கேமரா இருக்கக் கூடாத இடத்தில் கேமரா, அதற்குப் பலவீனமான பூட்டு. 2025 ஏப்ரல் 9 முதல், இந்தியாவில் விற்கப்படும் கண்காணிப்புக் கேமராக்கள் வன்பொருள், மென்பொருள் இரண்டிலும் அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் சோதனையில் தேறிய கேமராவுக்கு வீட்டு எண்ணையோ பிறந்த தேதியையோ கடவுச்சொல்லாக வைத்தால் விதியால் ஒன்றும் செய்ய முடியாது. மாட்டிக்கொடுத்த டெக்னீஷியன் தன் கைப்பேசியில் வைத்துப் பார்த்த இணைப்பை அவர் கிளம்பும் முன்பே நீக்கிவிட்டு, கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்வது வீட்டுக்காரரின் உரிமை. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எச்சரிக்கை மணி பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கேமராக்கள் புள்ளிகள் மாறினாலே அசைவு என்று கூவும்: தென்னை ஓலை ஆடினால், பூனை போனால், மேகம் நகர்ந்தால். ஒரு நாளைக்கு நூறு முறை கூவினால் மகன் மூன்றாம் நாள் ஒலியை அணைத்துவிடுவார். புதியவற்றில் ஆள் உருவத்தைப் பிரித்தறியும் சில்லு கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. அது தேவையற்ற கூச்சலை வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்து மலையடி ஊர்களில் ஆளைவிடக் கரடியும் சிறுத்தையும்தான் கவலை. களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தை ஒட்டிய வீடுகளில் ‘மனிதர் மட்டும்’ என்ற அமைப்பு அப்படியே பொருந்தாது. இரவில் விலங்கு அசைவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மணி அடித்தது, மகன் பார்த்தார். பிறகு? கண்காணிப்புக் கேமராக்கள் குறித்த 40 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று, கேமரா உள்ள இடங்களில் குற்றம் ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. வெறுமனே மாட்டிவிட்ட இடங்களைவிட, திரையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்து வேறு ஏற்பாடுகளும் கூட இருந்த இடங்களில் பலன் மேலாக இருந்தது. அதாவது கேமராவோடு ஆளும் வேண்டும். துபாயிலிருந்து 112-ஐ அழுத்தினால் திருநெல்வேலி போலீஸுக்குப் போகாது. உள்ளூர்க் காவல் நிலையத்தின் நேரடி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு சேமித்து வைத்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால், எதிர்வீட்டு அண்ணாச்சியின் எண்ணும் அடுத்த தெருச் சித்தப்பாவின் எண்ணும். வளவில் வாழ்ந்த காலத்தில் ஒரு குரலுக்குப் பத்துப் பேர் வந்தார்கள்; தோட்டத்து நடுவே தனி வீடு கட்டிய பின் அந்தப் பத்துப் பேரையும் பெயர் சொல்லித் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. வாசல் கேமராவைப் பார்க்கும் உரிமையை அவர்களில் ஒருவருக்குப் பகிரவும் செயலிகளில் வசதி உண்டு. மற்ற கேமராக்களைத் தராமல் அந்த ஒன்றை மட்டும் தரலாம்.

அம்மா அப்பாவிடம் கேட்பதும் இதில் சேரும். ‘கீழே விழுந்துவிட்டால் தெரியுமே’ என்று பட்டாலையிலும் அடுக்களையிலும் கேமரா வைக்கும் பிள்ளைகளின் பதைப்பு புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் நாள் முழுக்கத் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்போடு எழுபது வயதில் ஒருவர் சொந்த வீட்டில் நடமாடுவது லேசான காரியமில்லை. ஒரே வீட்டில் வசிக்கும் சகோதரர்களின் வழக்கில், உடன் குடியிருப்பவரின் சம்மதமில்லாமல் வீட்டுக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. விழுந்ததைத் தெரிவிக்கக் கழுத்தில் தொங்கவிடும் பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கண் கிடையாது, வேலையும் நடக்கும்.

ஏதாவது நடந்துவிட்டால், பதிவு அழியும் முன் எடுத்துவைப்பது முதல் வேலை. திரையைக் கைப்பேசியால் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது நீதிமன்றத்தில் நிற்பது கடினம். பெட்டியிலிருந்து மூலக் கோப்பையே பென் டிரைவில் இறக்கிக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, அத்தகைய கோப்புடன் சான்றிதழ் ஒன்றையும், கோப்பில் ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் ஹாஷ் எண்ணையும் கேட்கிறது. அந்த எண்ணைக் கணக்கிடப் போலீஸின் உதவியைக் கேட்கலாம். வீட்டுக்காரர் தானே பார்க்க வேண்டியது பெட்டியின் கடிகாரத்தை. உள்ளேயிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, இணையமும் இல்லாமல் இருந்தால், ஒரு மின்தடைக்குப் பின் நேரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். இரவு 9 மணிக்கு நடந்ததைக் காலை என்று காட்டும். விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் ஒரு மாலை இதற்கென்று உட்கார்ந்து கடிகாரத்தைச் சரிபார்க்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துப் படம் வருகிறதா என்று பார்க்கலாம். பத்து நாள் முந்தைய பதிவைத் தேடி எடுத்து, அதை எடுக்கும் விதத்தை அப்பாவுக்கும் எதிர்வீட்டு அண்ணாச்சிக்கும் கூடவே காட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.